உரிமையாளர்: கருப்பசாமி

அந்தக் கெடாவுக்கு ஒண்ணும் ஆகல தாயி, நீ பதறாத, அன்னைக்குப் போன்ல பாதியில கட்டாயிருச்சே அந்தச் சங்கதியத்தான் சொல்ல வாரேன், இரு, மொதல்ல மொறையா எழுதிர்றேன். எங்கண்ணன் பெத்த மருமக சத்யப்ரியாவுக்கு அத்த ஒச்சாயி எழுதுறது, இங்கன நானும் நம்ம வீட்டு வெளக்கும் அணையாம இருக்கோம், அங்கன அயர்லாந்துக் குளுருல காய்ச்சல் கீய்ச்சல் வராம ஒனக்கு நம்ம கருப்பன் காவலிருக்கணும். இதெல்லாம் போன்லயே சொல்லலாம்தான், நான் கூப்புடுற நேரம் நீ தூங்குற, நீ கூப்புடுற நேரம் எனக்கு ஆஸ்டல் அடுப்புல ஒல கொதிக்கிது, பேசுனாலும் நீ ம் ம்னு சொல்லிக்கிட்டே வேற வேல பாக்குறது எனக்குத் தெரியும், கோவமில்ல தாயி, கடுதாசின்னா யாரும் நடுவுல கட் பண்ண முடியாதுல்ல, அதான். நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு படிச்ச எழுத்து, தப்புத்தண்டா இருந்தா நீயே திருத்தி வாசிச்சுக்க. பருப்புப்பொடி பார்சலுக்குள்ள மடிச்சு வைக்கிறேன், எண்ண பட்டிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

நம்ம வீட்டுல புதுசா ஒண்ணும் இல்ல. அதே நாகமலை புதுக்கோட்டை, அதே காலேசு, அதே லேடீஸ் ஆஸ்டல் அடுப்படி. அங்கன இருக்குற வரைக்கும் ஒச்சாயிம்மா சட்னி, ஒச்சாயிம்மா சாம்பாருன்னு அம்புட்டுப் புள்ளைகளும் கத்துதுக, பொழுது போறது தெரியல, வீட்டுக்கு வந்துட்டா அத்தேன்னு கூப்புட ஒரு ஆளில்ல. ஒன் துணிமணியெல்லாம் பீரோவுல வச்சது வச்சபடி இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்க எடுத்து வெயில்ல காயப்போட்டு மடிச்சு வைக்கிறேன். போன தடவ காயப்போட்டிருந்தப்ப எங்கூட அடுப்படியில வேல பாக்குற செல்லக்கிளி தெருவுல போனா, என்ன ஒச்சாயி, மருமக வந்துருச்சான்னு கேட்டா, ஆமா வந்துருச்சு, குளிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல தாயி, மறுநா வேலைக்குப் போயி அவ மொகத்தப் பாக்க முடியல.

கெடா சங்கதிக்கு வாரேன். ஒன்னய மதுர ஏர்போட்டுல ஏத்திவிட்டுட்டு வந்த அன்னைக்கே நேந்துக்கிட்டேன்ல, புள்ள படிப்ப முடிச்சு நல்லபடியா நம்ம மண்ணுல கால் வச்சா அந்த மாசியிலயே கெடா வெட்டிப் பொங்க வைக்கிறேன் கருப்பான்னு. அந்த வாரமே திருமங்கலம் சந்தையில கருங்குட்டியா ஒண்ணப் பிடிச்சு, காதுல வெட்டுப்போட்டு சாமிக்குன்னு விட்டேன், ஊருல பாக்க ஆளில்லன்னு நானே கூட்டியாந்துட்டேன். ரெண்டு வருசத்துல என் இடுப்பு ஒசரம் வந்துருச்சு. பகல்ல வீட்டுல கட்டிப்போட்டா கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிருது, போன வருசம் நம்ம தெருவுலயே ரெண்டு ஆட்டக் களவாண்டுட்டுப் போயிட்டாங்க, சாமி பொருளு களவு போச்சுன்னா நான் என்ன பதில் சொல்ல, அதான் காலையில வேலைக்குப் போறப்ப என் பின்னாடியே வரட்டும்னு விட்டுட்டேன். நம்ம ஊருல நேந்துவிட்ட கெடாவ எவனாச்சும் வெரட்டிப் பாத்திருக்கியா, எவன் கொல்லையில வாய வச்சாலும் கருப்பன் மேயுறான்னு கும்புட்டுட்டுப் போவாக, நான் அந்த நெனப்புலயே காலேசுக்குள்ளயும் அவுத்து விட்டுட்டேன். அங்கன இருக்குறவுகளுக்கு அது காதுல இருக்குற வெட்டு என்னான்னு தெரியுமா, என் தப்புத்தான். செல்லக்கிளிக்கு வாய் சும்மா இருக்காதுல்ல, புருசன் செத்துப் பதினெட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் ஒரு ஆம்பளையப் பின்னாடியே வரவச்சிருக்கன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா, சாமி காரியத்துல என்ன பேச்சுடி இதுன்னு வஞ்சுவிட்டேன்.

கார்த்திகையில காலேசுல ஒரு விழா வச்சாக, மெட்ராசுலருந்து ஒரு பெரியவுக வந்தாக. அவுகளுக்குப் போட ரோசாப்பூ மாலையத் தட்டுல வச்சு மேடைக்குப் பக்கத்துல வச்சிருக்காக. நம்ம ஆளுக்கு அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குக் கூட்டிட்டுப் போறப்ப நம்ம பூசாரி சிவனாண்டி கருப்பன் கழுத்து மாலையக் கழட்டித் திங்கக் குடுத்துப் பழக்கிட்டாரு, அது மாலையப் பாத்தா தனக்குத்தான்னு நெனச்சுக்கிரும். அன்னைக்கும் அம்புட்டுக் கூட்டத்துக்குள்ள பொறுமையா நடந்துபோயி, மூந்து பாத்து, நாரு ஜிகினாவோட தின்னுட்டு அங்கனயே நின்னு அசைபோட்டிருக்கு. வந்த பெரியவுக சிரிச்சுட்டாக, புள்ளைக கைதட்டுதுக, ஆபீஸ் சூப்பிரண்டு பீமாராவ் சார் மட்டும் சிரிக்கல.

மறுவாரமே நோட்டீஸ் போர்டுல தாளு ஒட்டிட்டாக. காலேசுக்குள்ள வளப்புப் பிராணி எதுவும் கொண்டாரக் கூடாது, குவாட்டர்ஸ்ல குடியிருக்குறவுக வளத்தா வீட்டுக்குள்ளயே கட்டிக்கிறணும், கண்ணு தெரியாதவுகளுக்கு வழி காட்டுற நாய் மாதிரி ஒருத்தருக்கு ஒதவியா இருக்குற பிராணின்னா மட்டும் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், தடுப்பூசி போட்ட சீட்டு வேணும், கயித்துல இருக்கணும், பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்காதத வெளிய கொண்டுபோயி விட்டுருவோம்னு. சட்டத்தக் குத்தம் சொல்லல தாயி, குவாட்டர்ஸ் நாயி ஒண்ணு ஒரு புள்ள கெண்டக்காலக் கவ்விருச்சு, பயம் இருக்கத்தான செய்யும். ஆனா பதினஞ்சு நாளைக்குள்ள நான் அத எங்கன கொண்டுபோயி விட.

ஆஸ்டல்ல கனகான்னு ஒரு புள்ள இருக்கு, எம்.ஏ. படிக்குது, பெறவியிலயே ரெண்டு கண்ணும் தெரியாது, வெள்ளக் குச்சியத் தட்டிக்கிட்டு ஒத்தையில பஸ்சேறி மாட்டுத்தாவணி வரைக்கும் போயிட்டு வரும், அம்புட்டுக் கெட்டி. அதுகிட்டப் போயி, தாயி, இந்தக் கெடாதான் ஒனக்கு வகுப்புக்கு வழி காட்டுதுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துரேன்னு கேட்டுட்டேன். அது விழுந்து விழுந்து சிரிக்கிது, அது பின்னாடி நான் போனா வகுப்புக்கா போவேன், ஒங்க அடுப்படிக்குப் பின்னாடி முட்டக்கோசுத் தோலத் திங்கத்தான் போயி நிப்பேன் ஒச்சாயிம்மான்னுச்சு. பெறகு சிரிப்ப நிறுத்திட்டு, எங்க மாதிரி ஆளுக கேட்டுக் கேட்டு வாங்குன சட்டம் இது, இதுல நம்ம பொய்ய எழுதிட்டா நாளைக்கு நெசமாவே ஒரு புள்ள நாயோட வந்து நின்னா எவுக நம்புவாகன்னு கேட்டுச்சு. எனக்கு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. சாமி கெடாவுக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணப் பாத்தேனேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

அந்தப் புள்ளையேதான், சரி வாங்க, உள்ளத உள்ளபடி எழுதுவோம்னு லேப்டாப்ப எடுத்து, அந்த லேப்டாப் வாசிக்கிறதக் கேட்டுக் கேட்டு மனுத் தாள்ல இருக்குற ஒவ்வொரு கட்டமா எங்கிட்டக் கேட்டுச்சு. பிராணி பேரு என்னான்னுச்சு. வெட்டப்போற கெடாவுக்குப் பேரு வைக்கக் கூடாதும்பாகல்ல, நான் வைக்கல, எப்படித்தான் கூப்புடுவீகன்னு கேட்டுச்சு, ஏ அய்யான்னு கூப்புடுவேன்னேன், அதையே போட்டுருச்சு. உரிமையாளர் யாருன்னுச்சு, கருப்பசாமின்னேன். என்ன ஒதவி செய்யுதுன்னு ஒரு கட்டம். நான் சொன்னேன், எனக்கு ஒருத்திக்குன்னா நான் ஒல வைக்க மாட்டேன், அதுக்குக் கஞ்சித்தண்ணி வேணுமேன்னுதான் தெனமும் ஒல வைக்கிறேன், வச்சதால நானும் திங்கிறேன், திங்கிறப்ப எதுக்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கும், அம்புட்டுத்தான்னு. அந்தப் புள்ள அத ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அடிச்சுருச்சு.

பீமாராவ் சார் அந்தத் தாள வாசிச்சுட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி வாசிச்சாரு. ஏம்மா, பிராணி பேரு அய்யா, ஓனர் பேரு கருப்பசாமி, அவரு ஒங்க வீட்டுக்காரரான்னு கேட்டாரு. நான் நாக்கக் கடிச்சுக்கிட்டு, அவுக எங்க குலசாமி சார்னேன். அப்ப அவரு போன் நம்பர் வேணுமேன்னு அப்பத்தான் அந்த மனுசன் சிரிச்சாரு. ஒங்க மருமக படிக்கிற காலேசுல வகுப்புக்குள்ளயே நாய் இருக்காமேன்னு கேட்டாரு, கனகா சொல்லியிருக்கும் போல, ஆமா சார், கண்ணு தெரியாத ஒரு புள்ளையோடதாம், பெஞ்சுக்கு அடியில படுத்துருக்குமாம், வாயே தெறக்காதாம்னேன். கடேசியில, சாமி வந்து கையெழுத்துப் போட மாட்டாரும்மா, முட்டுனாலோ மிதிச்சாலோ பொறுப்பு யாருன்னு ஒரு மனுசப் பேரு வேணும், ஓனர்னு நீங்க கையெழுத்துப் போடுங்க, மோட்டார் ரூம்புக்குப் பின்னாடி கெடாவக் கட்டிக்கிறதுக்கு பிரின்சிபால் மேடத்துக்கிட்ட நான் பேசி அனுமதி வாங்கித் தாரேன்னாரு. நல்ல மனுசன்தான், ஆனா நான் எப்படிப் போட, சாமிக்குன்னு விட்ட பொருளுக்கு நான்தான் ஓனர்னு எழுதுனா நேத்திக்கடன நானே வாயில போட்டுக்கிட்ட மாதிரி ஆகாதா. எம்மேல குத்தம் வந்தாப் பரவால்ல, ஒனக்காக நேந்தது, ஒம்மேல வந்துட்டா. பேனாவ அவரு மேசையிலயே வச்சுட்டு வந்துட்டேன்.

அந்த வெள்ளிக்கெழம திருமங்கலம் போயி நம்ம ஊரு பஸ்சப் பிடிச்சு கோயிலுக்குப் போனேன். சிவனாண்டி செவப்புப் பூவ ஒரு எலையிலயும் வெள்ளப் பூவ ஒரு எலையிலயும் மடிச்சுக் கட்டி கருப்பன் காலடியில போட்டாரு. வெள்ள வந்தா கையெழுத்துப் போடுறேன், செவப்பு வந்தா கெடாவ இங்கனயே கொண்டாந்து விட்டுர்றேன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டு எடுத்தேன். வெள்ள வந்துச்சு. கும்புட்டு விழுந்து துன்னூறு வாங்கிட்டு வெளிய வந்து பஸ்சுக்கு நிக்கிறப்பத்தான் எனக்கே தெரியுது, நான் கேக்க வந்தது அது இல்லன்னு. அத எனக்கே விட்டுக் குடுத்துருவியா கருப்பான்னு கேக்கத்தான் போயிருக்கேன், அவன் முன்னாடி நிக்கிறப்ப வாய் வரல. சனிக்கெழம போயி கையெழுத்துப் போட்டேன், மாசி முடிய அனுமதின்னு சீல் வச்சுக் குடுத்தாரு. ஊசியும் போட்டாச்சு, டாக்டர்தான் ரெண்டு முட்டு வாங்குனாரு.

இப்பச் சொல்லப்போறத நீ வஞ்சுறாத தாயி. செவ்வாக்கெழம வாய்ஸ் அனுப்புனீல்ல, அத்தே, அந்த வேல கெடச்சிருச்சு, இந்த மாசிக்கு வர முடியாது போலன்னு. அத மூணு தரம் போட்டுக் கேட்டேன். மொத தரம் கேட்டப்ப என் நெஞ்சுல குளுகுளுன்னு ஒரு சந்தோசம் வந்துச்சு, ஒனக்கு வேல கெடச்சதுக்கு இல்ல, அப்ப இந்த மாசிக்கு இது இருக்கும்னு. ரெண்டாந்தரம் கேக்குறப்பத்தான் நீ வரலங்குறது காதுல விழுந்துச்சு. அப்பறம் வெளக்குக்கு முன்னாடி போயி ஒக்காந்தேன், அழுகையா வருது. எங்கண்ணனும் மதினியும் ஒரே விபத்துல போன பெறகு ஏழு வயசுல எங்கைக்கு வந்தவ நீ, நீ வரலங்குறதுல எனக்கு ஒரு சந்தோசமா, நான் என்ன பொம்பள. நீ வந்தா அது போயிரும், அது இருந்தா நீ வரலன்னு அர்த்தம், சாமிகிட்ட எதக் கேக்கன்னே தெரியல, இப்பெல்லாம் புள்ள நல்லா இருக்கணும்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுர்றேன்.

இத எழுதுறதால நீ கெடாவ நெனச்சு வராம இருந்துறாத. நேந்தது நேந்ததுதான். நீ வந்தா நானே கயித்தப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன், அழுதுக்கிட்டே போவேன், ஆனாப் போவேன். மாசி இல்லாட்டி ஆடி, ஆடி இல்லாட்டி அடுத்த மாசி, சீட்ட மறுபடி எழுதி வாங்கிக்கிறலாம்னு பீமாராவ் சார் சொல்லியிருக்காரு. நீ நேரத்துக்குத் தின்னு, பொடிக்கு நல்லெண்ணெயில்லன்னா வெண்ண போட்டுப் பெசஞ்சுக்க, தலைய ஈரத்தோட வெளிய காட்டாத, டப்பாவுக்குள்ள துன்னூறுப் பொட்டலம் இருக்கு, புது வேலைக்குப் போற அன்னைக்கு வச்சுட்டுப் போ. ஒன் வகுப்புக்கு நாயோட வருமே அந்தப் புள்ளகிட்ட நீயாப் போயிப் பேசு, அதுக்கும் ஒரு ஆளு வேணும், ஒனக்கும் வேணும்.

கருப்பன் அருளால நீ நூறு வருசம் நோவில்லாம இருக்கணும், எந்த ஊருல இருந்தாலும் ஒன் வாசல்ல ஆளு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

ஒன்னய நெனச்சுக்கிட்டே இருக்குற அத்த,
ஒச்சாயி

ஒட்டப்போறப்பத்தான் நெனவு வருது தாயி, அந்தத் தாள்ல கடேசியா இன்னொரு கட்டம் இருந்துச்சு, கையெழுத்துப் போட்டவுகளுக்கு ஏதும் ஆச்சுன்னா பிராணிய யாரு பொறுப்பெடுப்பாகன்னு, எனக்கு வேற யாரு பேரும் வாயில வரல, ஒன் பேரும் அந்த அயர்லாந்து நம்பரும்தான் குடுத்திருக்கேன், காலேசு ஆபீசுலருந்து கூப்புட்டா அதையாச்சும் எடுத்துரு, அண்ணன் மகள்னுதான் சொல்லியிருக்கணும், உறவு என்னான்னு கனகா கேட்டப்ப மகள்னே போடச் சொல்லிட்டேன்.