மூன்றாவது மொழியை எடுத்துவிட்டார்கள், அக்கா

அக்கா,

உங்கள் பெயர் பொறித்த கண்ணாடி ஷீல்டு ஒன்று என் மேஜையில் இருக்கிறது. நீலத் துணி விரித்த பெட்டியில் கொடுத்தார்கள். மூடியைத் திறந்தாலே பசை நாற்றம். அத்தான் ஊரோடு போய்விட்டதால் உங்கள் சார்பில் நான்தான் மேடையேறி வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அருவருப்பு போகவில்லை.

"மூன்று ஆப்கன் மொழிகளுக்குத் தட்டச்சு தந்தவர்" என்று அதில் இருக்கிறது. கீழே நம் கம்பெனியின் முத்திரை, உங்கள் பெயரைவிடப் பெரிதாக. அந்த வேலையை நீங்கள் செய்துகொண்டிருந்தபோது இதே கம்பெனி என்ன பேசியது என்பது நம் இருவருக்கும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

ஷார்ஜாவில், ரோலா பகுதியில் நம் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் ரொட்டிக்கடையில்தான் எல்லாம் தொடங்கியது. தந்தூர் அடுப்பின் முன் நிற்கும் அந்தப் பெரியவரைத் தெருவே "கான் பாய்" என்றுதான் கூப்பிடும். அவர் பட்டாணியரே இல்லை, வட ஆப்கானிஸ்தானத்து உஸ்பெக்காரர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். கடையில் மற்றவர்கள் ஊருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகளுக்குக் காது கேட்காது. படிக்க, எழுதத் தெரியும். ஆனால் அவள் ஊரில் சிக்னல் பேருக்குத்தான். படமோ வீடியோவோ போய்ச் சேராது, எழுத்து மட்டும் போகும். போனில் உஸ்பெக் விசைப்பலகை இல்லை. ரூமில் இருந்த ஒருவரைக் கெஞ்சி, ஆப்கானிஸ்தானத்தின் இன்னொரு மொழியான தாரியில் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். மகளுக்குத் தாரி அரைகுறை.

ரொட்டி பொட்டலத்தோடு திரும்பி வரும்போது, "ஏட்டி, பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை எழுத இன்னொருத்தன் கையைப் பிடிக்கணுமா?" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றைக்கே உட்கார்ந்துவிட்டீர்கள்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கும் அந்தக் கட்டற்ற விசைப்பலகை மென்பொருளில் தமிழுக்கு ஏற்கனவே நீங்கள் வேலை பார்த்திருந்தீர்கள். உஸ்பெக்கோடு தாரியையும் பஷ்தோவையும் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "கடையில மூணு பாஷைக்காரனும் நிக்கான். ஒருத்தனுக்கு மட்டும் கொடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள்.

நம் மேனேஜரின் காதுக்கு விஷயம் போனது. சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர். "பட்டாணிங்க ரொட்டி சுடறவங்க மேடம். அவங்க டைப் பண்ணி என்ன ஆகப்போகுது? கிளையன்ட் கேட்டானா? மாஃபி, இல்ல. அப்புறம் என்ன, கலாஸ், முடிஞ்சது" என்றார். சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். வருஷ லீவில் நீங்கள் ஊருக்குப் போகாமல் ஷார்ஜாவிலேயே இருந்து வேலையை முடித்தீர்கள்.

அந்த மென்பொருளுக்காக வெளிநாட்டிலிருந்து அதைச் சரிபார்த்தவர், "உஸ்பெக்கை லத்தீன் எழுத்தில்தானே எழுதுகிறார்கள், இது எதற்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆப்கானிஸ்தானத்து உஸ்பெக்கர்கள் அரபி எழுத்தில் எழுதுவது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்களோ ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோல் விளக்கினீர்கள். "தெரியாதவனுக்குச் சொல்லத்தான் செய்யணும். தெரிஞ்சும் வேண்டாம்னு சொல்லுதான் பாரு, அவங்கிட்டதான் பேசக் கூடாது." எனக்கு அன்று அந்த வித்தியாசம் விளங்கவில்லை.

ஒருவழியாக உஸ்பெக் பலகை மென்பொருளில் சேர்ந்து, பெரியவரின் போனிலும் ஏறியது. பெரியவர் விரலில் மாவோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி மகளுக்கு முதல் செய்தியை அடித்தார். வந்த பதிலைப் படித்துவிட்டு அடுப்பங்கரையே அதிரச் சிரித்தார். "அப்பா, இப்போதுதான் நீங்களே நேரில் திட்டுவதுபோல் இருக்கிறது" என்று எழுதியிருந்தாளாம். நீங்கள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அனல் கண்ணில் அடிக்கிறது என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு, ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் தாங்களே பெயரைப் பதியும் டேப்லெட் வேண்டியிருந்தது. ஆப்கன் மொழிகளும் வேண்டும் என்றார்கள். அதுவரை குப்பையாக இருந்த உங்கள் வேலை ஒரே நாளில் "நம்ம கம்பெனியின் கனவு" ஆகிவிட்டது. போன வாரம் ஹோட்டல் ஹாலில் விழா. உங்கள் படத்துக்கு மாலை, பக்கத்தில் பிரியாணி. அந்தப் பெரியவரையும் சலவை மடிப்புக் கலையாத சட்டை போடவைத்துக் கூட்டிவந்திருந்தார்கள், கேமரா முன்னால் தன் மொழியில் பெயரை அடித்துக் காட்டுவதற்காக.

டேப்லெட்டில் மொழிப் பட்டியலை அவர் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தாரி இருந்தது. பஷ்தோ இருந்தது. உஸ்பெக் இல்லை. மேனேஜரிடம் ஓடினேன். "டெஸ்டிங்குக்கு டைம் இல்லம்மா, அந்த ஒண்ண எடுத்துட்டோம். எதையாவது தட்டச் சொல்லு, ஃபோட்டோல யாருக்குத் தெரியப்போகுது?" என்று காதோரம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஏலக்காய் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பெரியவர் புரிந்துகொண்டார். டேப்லெட் கண்ணாடியில் சும்மா விரலை ஓட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஷீல்டு வாங்க மேடையேறிய நான் மைக்கைப் பிடித்து, "அக்கா போட்டது மூன்று மொழி. இதில் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்" என்றேன். மேனேஜர், "சின்ன டெக்னிகல் இஷ்யூ" என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், அக்கா. எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உங்களோடு ஒரே மேஜையில் சோறு தின்றவர்களும் தட்டினார்கள்.

வாசலில் பெரியவர் என்னை நிறுத்தி, மகளே என்று இந்தியில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: "பேட்டி, என் போனிலிருந்தும் போய்விடுமா?"

போகாது என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பயந்துபோய் அந்தக் கட்டற்ற மென்பொருளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உஸ்பெக் பலகையைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து பதில் இல்லை, வேறு யாரும் முன்வராவிட்டால் அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். பதில் தராத அந்த ஆள் நீங்கள்தான்.

அதன் கீழே, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் பெயரை எழுதினேன். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. எழுத்துகளைப் பெரியவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் சரிபார்க்கிறேன். ஏதாவது பிசகினால் மகள் அப்பாவுக்குப் புகார் எழுதுகிறாள், அவர் ரொட்டியோடு சேர்த்து அதையும் என்னிடம் தருகிறார். உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை, அக்கா. வேலை மட்டும் வந்திருக்கிறது. அதை விடமாட்டேன்.

நேற்று மேனேஜர் என் திரையை எட்டிப் பார்த்து, "இன்னும் இதையா பார்க்குற? யாரும்மா யூஸ் பண்றாங்க?" என்றார்.

"ஒரு பொண்ணு, சார்" என்றேன். அதற்குமேல் அவரிடம் பேசவில்லை.