மரக்கறி சூப் என்று சொன்னது நான்தான்

"சூப்புக்கு எலும்பும் போடவா மிஸ்?"

இன்று காலை சந்தையில் கோழிக்கடை நானா இப்படிக் கேட்டார். ஏறாவூரிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் முஸ்லிம் மனுசன், அண்ணன் முறையில் எல்லாருக்கும் நானா. வருடக்கணக்காக என்னிடம் கேட்கிற கேள்விதான். அரைக்கிலோ இறைச்சியை வெட்டித் தராசில் போட்டிருந்தார். பையை நீட்டிக்கொண்டு கடையின் ஈர மணத்துக்குள் நின்றேன். வேண்டாம் நானா என்று சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய், "என்ன மிஸ், வீட்ட ஆருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு இறைச்சியை எடுக்காமலே நடந்துவிட்டேன். பார், நீ போய் ஏழு மாதத்துக்குப் பிறகும் கோழி வாங்கத்தான் போய் நின்றிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுதும்போதாவது பொய் வேண்டாம்.

கல்விக் கந்தோரில் உன் மேசையும் என் மேசையும் ஒட்டினாற்போல் கிடந்தன, பதினொரு வருடம். மத்தியானம் கோப்புகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் என்னுடையதில் இறால், இல்லாவிட்டால் நண்டு, திங்கட்கிழமை என்றால் ஞாயிறு மிஞ்சிய மாட்டிறைச்சி. வாவியில் பிடித்ததை விடியக் காலையில் வாசலுக்கே கொண்டுவந்து கூவுகிற ஊரில் பிறந்தவள் வேறு என்னத்தைத் தின்பாள் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்குவேன். முதல் ஐந்து வருடம் நீயும் என் பெட்டிக்குள் கைவிட்டு நண்டுக்கால் எடுத்தவள்தான்.

பிறகு ஒரு விடுமுறைக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உன் மாமாவின் எருமைப் பட்டிக்குப் போய் வந்தாய். பால் கறந்து முடியும்வரை கன்றைக் கயிற்றில் பிடித்திருக்கச் சொல்லி உன்னிடம் தந்திருக்கிறார்கள். அது தாயிடம் போக இழுத்த இழுவையில் உன் உள்ளங்கை உரிந்துபோயிருந்தது. திங்கட்கிழமை அந்தக் கையைக் காட்டி, "அது என்ன பெலத்தோட இழுத்தது தெரியுமா புள்ள? நான் விடல்ல" என்றாய். அவ்வளவுதான், பிரசங்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத் தயிர் நின்றது, பால் நின்றது. அடுத்த மாதத்துக்குள் இறைச்சி, மீன், முட்டை, நெய் எல்லாம் நின்றன. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் பிறந்துவிட்டுத் தயிர்ச்சட்டியைத் தள்ளிவைக்கிறவளைப் பார்க்கக் கணக்குப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து போனார்கள்.

உன் அம்மாதான் பாவம். களுதாவளையில் உங்கள் வீட்டுக்கு நான் வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து கொண்டுவந்த பாலை நீட்டிக்கொண்டு உன் பின்னாலேயே நடந்தார். "பிள்ளையாரே பால் குடிக்கிறார், இவவுக்கு மட்டும் ஏலாதாம்!" என்று என்னிடம் முறையிட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பிள்ளையார்ர பங்கில நான் கை வைக்கல்லம்மா. என்ட பங்க மட்டும் கண்டுக்குட்டிக்கு விடுங்க" என்றாய். உன் அம்மா கோபத்தோடு அந்தப் பாலை என் கையில் தந்தார். நான் குடித்தேன். நான் எப்போதும் அப்படித்தான், யார் கையில் எதைத் தந்தாலும் குடித்துவிடுவேன்.

ஆனால் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தது யார்? நான்தான். கூட்டங்களுக்குப் போனால் நீ வாய் திறக்க முதல் நான் முந்திக்கொள்வேன். "அவவுக்குப் பிளேன்டீ. பிஸ்கட்டும் வேணாம், அதுக்குள்ளயும் பால் இரிக்கி. அந்தக் கறியில மாசிக் கருவாடு போட்டிருக்கா எண்டு கேட்டுப் பாருங்க." உன் விரதத்துக்கு நான் காவல்காரி போல இருந்தேன். உன் உறுதி என் பக்கத்து மேசையில் இருந்ததே எனக்கு ஒரு பெருமையாக இருந்தது. என்னால் முடியாததை நீ எனக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறாய் என்று ஒரு நினைப்பு.

என்னால் முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. நான் வேதக்காரி. தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியைத் தொடமாட்டேன். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு சட்டி அடுப்பில் ஏறிவிடும். "நாப்பது நாள் ஏலுமெண்டா நாப்பத்தோராம் நாள் மட்டும் ஏன் ஏலா?" என்று கேட்டாய். "நாப்பதோட முடியும் எண்டு தெரிஞ்சபடியாத்தான் ஏலுது" என்றேன். நீ சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

ஒரு வருடம் நிறுத்தாமல் தொடர்ந்து பார்த்தேன். மீனையும் சேர்த்துக் கைவிட்டேன். உயிர்த்த ஞாயிறு தாண்டி இருபத்துமூன்று நாள். இருபத்துநான்காம் நாள் கந்தோர்ப் பிள்ளை ஒருத்தியின் கலியாண வீட்டில் நண்டுக்கறி வாசம் என்னை மேசையோடு இருத்திவிட்டது. நண்டு ஓடும் கையுமாக இருந்தபோது எதிரே நீ. கைகழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்து ஒரு தேசிக்காய்த் துண்டை நீட்டி, "நல்லாத் தேய்ச்சுக் கழுவு, இல்லாட்டி பின்னேரம் வரைக்கும் மணக்கும்" என்றாய். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் இடித்து, "விழுந்தா எழும்பு புள்ள. விழுந்தத எண்ணிக்கொண்டு இரியாத" என்றாய். வீடு வரும்வரை நான் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் உன் வயிற்றில் கட்டி வந்தது.

உன் சாப்பாட்டுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். பருப்பு, கடலை, கீரை என்று நீ சாப்பிடுவதே போதும், முடிந்தளவு உள்ளே போனால் சரி என்றார். நானும் உன் அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டோம். நான் தலையாட்டினேன். உன் அம்மா ஆட்டவில்லை. இரண்டு நாள் கழித்துக் கஞ்சிக்குள் முட்டையை அடித்து ஊற்றிக் கொண்டுவந்தார். நீ ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மா கொண்டுவரும் எதையும் நீ தொடவில்லை. என் கையால் வருவதை மட்டும் குடித்தாய். மத்தியானம் ஒரு மணித்தியாலம் லீவு போட்டுவிட்டு இலைக்கஞ்சியோடு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவேன். நாளுக்கு நாள் அதுவும் இரண்டு கரண்டி, ஒரு கரண்டி என்று குறைந்துகொண்டே போயிற்று.

அந்த வியாழக்கிழமை உன் அம்மா வாட்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் சின்ன பிளாஸ்க். கோழியெலும்பைக் காலையிலிருந்து அவியவிட்டு, மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு, வடித்தெடுத்த சூப். "மகள், உன்ட கையால குடுத்தாக் குடிப்பாள். மரக்கறி எண்டு சொல்லு. என்ட புள்ள எழும்பிடுவாள் மகள்" என்று என் கையைப் பிடித்தார். நான் யோசித்தேன் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் யோசிக்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இது என்ன?" என்றாய்.

"மரக்கறி சூப்."

"நீயா வச்ச?"

"ஓம்."

ஒரு பொய் போதாதென்று இரண்டாவதையும் சொன்னேன். நீ குடித்தாய். பல நாளைக்குப் பிறகு ஒரு கோப்பை முழுதாக. "நல்லா இரிக்கி" என்றாய். அடுத்த நாள் நான் வந்ததும், "நேத்தைய சூப் இரிக்கா?" என்று நீயாகவே கேட்டாய். வாசலில் நின்ற உன் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சந்தோசத்தில். நான்கு நாள் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் நான் வந்தபோது உன் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

உனக்குத் தெரிந்திருந்ததா? கஞ்சிக்குள் முட்டையைக் கண்டுபிடித்த நாக்கு கோழியைக் கண்டுபிடிக்காமலா இருக்கும் என்று ஒரு நாள் நினைப்பேன். அப்படியானால் எங்கள் இருவருக்காகவும் தெரிந்தே குடித்திருக்கிறாய். நோயில் உன் நாக்கு செத்துப்போயிருக்கும், நம்பித்தான் குடித்தாய் என்று இன்னொரு நாள் நினைப்பேன். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியவில்லை. இதில் எனக்கு என்மேல் ஆத்திரம் வருவது வேறு ஒன்றுக்கு. ஆறு வருடம் உன் உறுதியை மெச்சிக்கொண்டு திரிந்தவள், உன் உயிர் என்று வந்தபோது நம்பியது கோழியெலும்பைத்தான். டொக்டர் சொன்னதை நம்பவில்லை, உன்னையும் நம்பவில்லை.

செத்தவீட்டில்தான் அது வேறு கதையாக மாறியது. வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா சொல்லிச் சொல்லி அழுதார். "கடைசில என்ட புள்ள கேட்டுக் கேட்டுக் கோழி சூப் குடிச்சாள். அந்த ஆசையையாவது தீத்துட்டன்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கந்தோரிலிருந்து வந்தவர் ஒருவர், உன் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து எப்போதும் பகிடி விடுகிறவர், பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "பாத்தீங்களா, கடைசில அவவும் குடிச்சிருக்கா. உயிர் எண்டு வந்தா எல்லாரும் ஒண்டுதான்" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். ஆறு வருடமாக நீ ஒரு வாய் தவறாமல் காத்ததை, நான் கொண்டுவந்த நாலு கோப்பை சூப்பால் அவர்கள் துடைத்தெறிந்துகொண்டிருந்தார்கள். நான் கதிரையில் இருந்தேன். வாயில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எட்டாம் நாள் படையல். செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை எல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைக்கிற நாள். உன் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்து, சோறும் மூன்று மரக்கறியும் வைத்திருந்தார்கள். பிறகு உன் அம்மா குசினியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒரு கோப்பையைக் கொண்டுவந்து இலையின் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தார். ஆவி பறந்தது. மிளகும் உள்ளியும் மணத்தது. உன் மாமி, "ஓம், அதத்தானே புள்ள கேட்டுக் கேட்டுக் குடிச்சது" என்றார்.

"அவள் கேக்கல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். "அவள் கோழி சூப் கேக்கல்ல. மரக்கறி சூப் எண்டு நான் பொய் சொல்லிக் குடுத்தன். நான்தான் வச்ச எண்டும் சொன்னன். அவள் அதத்தான் நம்பிக் குடிச்சவள். கடைசி வரைக்கும் அவள் மாறல்ல."

உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? "அது ஒண்டுதான் எனக்கு மிச்சம் இரிந்திச்சு" என்றார். "என்ட கையால ஆக்கினத என்ட புள்ள ஆசையாக் குடிச்சிட்டுப் போனாள் எண்டு அது ஒண்டுதான். அதையும் எடுத்துப்போட்டியே மகள்." நான் அவருடைய காலடியில் இருந்துவிட்டேன். உன் பெயரைக் காப்பாற்றப் போய் உன் அம்மாவின் மடியைக் காலியாக்கினேன். எனக்கு எதையும் நேராகச் செய்யத் தெரியாது என்று நீ சொல்வாயே, அது சரிதான்.

பிறகு உன் அம்மா எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தார். இலையின் நடுவில் அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. என் பக்கத்தில் வந்து இருந்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"அப்ப இதில என்னத்த வைக்க? நீ சொல்லு மகள். சின்ன வயசில நண்டெண்டா உயிர், அது எனக்குத் தெரியும். அதுக்கு மறுகா இந்த ஆறு வருசமும் நான் அவளோட சண்டதான் பிடிச்சன். அவளுக்கு என்ன விருப்பம் எண்டு உனக்குத்தானே தெரியும்? பக்கத்தில இரிந்து திண்டவள் நீதானே?"

வாய் திறந்தேன். பால் வேணாம், தயிர் வேணாம், நெய் வேணாம், மாசி வேணாம் என்றுதான் வந்தது. உன் அம்மா காத்துக்கொண்டிருந்தார். உன் சாப்பாட்டுப் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். அதற்குள் என்ன இருக்கவில்லை என்பது எனக்கு அத்துப்படி. எதை நீ கடைசி வாய்க்கென்று ஒதுக்கி வைத்தாய், எதை வழித்துச் சாப்பிட்டாய், எந்தக் கறிக்கு உன் முகம் மலர்ந்தது, ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. "தெரியாதம்மா" என்றேன். இலையின் நடுவை அப்படியே விட்டுத்தான் சாம்பிராணி காட்டினார்கள்.

இந்த ஏழு மாதமாகக் கந்தோரில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். நீ எதைத் தொடமாட்டாய் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். பதினொரு வருடம் உன் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.