ஒரு டீக்காக வஞ்சிபாளையம் வரை

ஊத்துக்குளி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகன் திருமூர்த்திக்கு அப்பா வெள்ளியங்கிரி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், அதில் பாதியை நம்பிக்கொண்டு மீதியைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, யாராவது விசாரித்தால் மட்டும் கூடிவிடுகிறது. எருமை கன்று போட்டிருக்கிறது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், யார் போன் அடித்தாலும் அப்பா என்கிறாள். கம்பெனியில் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது, கட்டிங்கில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஜோர்டானில் குளிர் என்றாயாம், ஊருக்கெல்லாம் துணி தைத்து அனுப்புகிற ஊரில் பிறந்தவன் நடுங்கலாமா என்று அம்மா ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறாள். லீவு முடிந்து உன் கம்பெனிக்குத் திரும்புகிற ஆரோக்கியராஜிடம் அதையும் நெய் டப்பாவையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ காசு கட்டி ரம்மி ஆடுவதும் அதே போனில்தானே, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அது உன்னைக் கூப்பிட்டுவிடும். ஆமாம் கண்ணு, எனக்குத் தெரியும். பயப்படாதே, திட்டுவதற்காக எழுதவில்லை. சீட்டே கெட்டது என்று சொல்ல உன் அப்பன் யோக்கியனும் இல்லை. காலை ரயிலில் நாங்கள் நாலு பேர் முழங்கால் மேல் துண்டை விரித்து ஆடுவதும், தோற்றவன் திருப்பூர் ஸ்டேஷனில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதும் உனக்குத் தெரியும். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் ஆட்டம் பாதியில் இருந்தாலும் துண்டை மடித்துவிடுவோம். நல்ல சீட்டு கையில் இருக்கும்போது மடித்தால் வயிறு எரியும், என்ன செய்வது, வேலைக்குப் போக வேண்டுமே. போன லீவில் ஒரு நாள் நீயும் என்னோடு வந்தாய், உனக்கும் சீட்டுப் போட்டோம். நீ தோற்றாய், வண்டி நின்றது, எல்லோரும் எழுந்தோம். நீ மட்டும் இருங்கப்பா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வண்டியே புறப்பட்டுவிட்டது. ஒரு டீக்காக அடுத்த ஸ்டேஷன் வஞ்சிபாளையம் வரை போய்விட்டு, அங்கேயிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாய். நான் அதை வீட்டில் பெரிய தமாஷாகச் சொன்னேன், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். உன் பெண்டாட்டி கிருத்திகா சிரிக்கவில்லை.

மகுடேஸ்வரனும் சிரிக்கவில்லை. அவன் எங்கள் வண்டியில் வருகிற ஓவர்லாக் டெய்லர், நீ பார்த்திருக்கிறாய். ஏனுங்கண்ணா, பையனுக்கு ஒரு டீயா பெருசு, தோத்ததத் திருப்பி எடுக்கோணும்னு ஒரு வெறி வருமுங்க, அது அவன் கண்ணுல தெரிஞ்சுது, எனக்கும் அப்படித்தானுங்க ஆரம்பிச்சுது என்றான். மதியச் சோற்று நேரத்தில் போனில் பொழுதுபோக்காகத் தொடங்கினவன், பிறகு சோற்றை விட்டுவிட்டு ஆடினான், கடைசியில் தீபாவளி போனஸையும் விட்டுவிட்டு, கம்பெனி இன்னும் கொடுக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் பொய் சொன்னான். ஜெயித்த அன்றைக்கும் அவனால் நிறுத்த முடிந்ததில்லையாம். ஒரு நாள் ரயிலில் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். பிறகு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தான். பைத்தியத்துக்கா மருந்து வாங்குகிறாய் என்று ஒருத்தன் கேலி செய்ததற்கு, இதுவும் காய்ச்சலாட்டம் ஒரு சீக்குத்தானுங்க, காட்டுனா குறையுது என்று நிதானமாகப் பதில் சொன்னான். அவனுக்கு நாங்கள் இப்போது சீட்டுப் போடுவதில்லை. வண்டி குலுங்கும்போது சீட்டு சரியாமல் இருக்கத் துண்டின் முனையை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம். வெறுங்கையாக உட்கார்ந்தால்தான் அரிப்பு அதிகம் என்கிறான். டீ தினமும் உண்டு.

அவன் சொன்ன பிறகுதான் கிருத்திகாவைக் கேட்டேன். லீவில் நீ போனோடு குளியலறைக்குள் போனால் வெகுநேரம் வெளியே வராததையும், பாப்பா அழுதால் எரிந்து விழுந்ததையும், அவள் நகை ஒன்றை பேங்கில் வைத்துவிட்டு நண்பனுக்கு உதவி என்று சொன்னதையும் சொன்னாள். அந்த நண்பனையே அவள் விசாரித்துவிட்டாள் கண்ணு. அவரு வாயாலயே சொல்லட்டுமுங்க மாமா, சொன்னா எத்தன கஷ்டம்னாலும் கூட இருக்கறனுங்க, இன்னொருக்கா பொய் சொன்னா பாப்பாவத் தூக்கிட்டு உடுமலைக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயிருவேன் என்றாள். அவள் அண்ணன் வண்டி எடுத்து வரத் தயாராக இருக்கிறான். நான்தான் கொஞ்சம் பொறு என்று கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடு. எவ்வளவு போயிற்று என்று நான் கேட்கமாட்டேன், போனது போகட்டும், அதைப் பிடிக்கப் போனால்தான் இன்னும் போகும். அந்த ஆட்டத்தைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, சம்பளம் கொஞ்ச நாள் கிருத்திகா கணக்குக்கே வரட்டும். அங்கே டாக்டர் கிடைப்பாரா என்று ஆரோக்கியராஜிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், அவரிடம் போக வெட்கப்படாதே. நீங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசுவதற்காக அன்றைக்கு அம்மாவைக் கதித்தமலைக்குக் கூட்டிப்போகிறேன். இந்த முழங்காலோடு அவள் மலை ஏற முடியாது, அடிவாரத்திலேயே உட்கார்ந்து முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

முருகன் உன்னைக் காப்பான், நல்லா இரு சாமி. நெய்யை ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியிலேயே கெடாது. இன்னொன்று, மகுடேஸ்வரன் பேசிய நாளிலிருந்து நானும் சீட்டைத் தொடவில்லை. வண்டியில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது. நீ அங்கே ஒரு நாள் தாண்டினால், இங்கே உன் அப்பனும் ஒரு நாள் தாண்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொள். துண்டின் ஒரு முனையை மகுடேஸ்வரன் பிடிக்கிறான், மறுமுனையை உனக்காக நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த லீவில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா,
வெள்ளியங்கிரி.