ஆள் இல்லாத சீட்டில் திரும்பிய ஸ்டியரிங்

என் மாமாவுக்கு,

இத்தனை நாள் உங்களிடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. வெட்கம். இன்று எல்லோரும் படிக்கும்படியே பேசுகிறேன். உங்கள் காரியத்தன்று பந்தலில் அத்தனை பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை வீட்டுக்குள் ரகசியமாகத் திரும்பப் பெற்றால் அது நியாயம் ஆகாது.

முதலில் சேதி. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் காருக்குப் பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றினேன். விழுப்புரத்தில், உங்கள் வீட்டு வாசலில், நானே மாற்றினேன். நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து. சிரிக்கிறீர்களா?

நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். காலையில் வண்டியை எடுத்தால் ஸ்டியரிங் முனகுகிறது என்றீர்கள். பழைய வண்டி, ஆயில் கெட்டிருக்கும், வந்து மாற்றுகிறேன் என்றேன். அடுத்த முறை, திருப்பக் கனமாக இருக்கிறது என்றீர்கள். வருகிறேன் என்றேன். மூன்றாம் முறை, “ஒரு பக்கமா இழுக்குது மச்சான்” என்றீர்கள். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்வதற்குள், அலைன்மென்ட் பாருங்கள் என்று போனை வைத்துவிட்டேன். ஃபேக்டரியில் ஹைட்ராலிக் பிரஸ் பராமரிப்பவன் நான். பாதிக் குறையைக் கேட்டதுமே மீதி எனக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு.

அந்த நாளைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். திண்டிவனத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வெள்ளையடித்தார்கள். அக்காவும் கூட வந்திருந்தாள். நாலு மணி வாக்கில் இருவரும் கிளம்பினீர்கள். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது உங்கள் இதயம் நின்றுவிட்டது. ஆனால் வண்டி எதிலும் மோதவில்லை. இடது ஓரமாக ஒதுங்கி, மண்ணில் இறங்கி, கியரிலேயே திணறி அணைந்து நின்றிருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

பந்தலில் அக்கா சொன்னாள்: அவர் தலை சாய்ந்துவிட்டது, நான் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன், ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் குறுக்கே விழுந்தேன்.

“கை படாம ஸ்டியரிங் திரும்பாதுக்கா. அது மெஷினு.”

அவ்வளவுதான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது. அப்படியானால் யார் கை பட்டது என்று உங்கள் அண்ணன், பெரிய மாமா, கேட்டார். சாயங்காலத்துக்குள் கதை முழுசாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் சண்டை போட்டார்களாம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாளாம். அந்த அதிர்ச்சியில்தான் உங்களுக்கு அப்படி ஆனதாம். அவள் தம்பியே சொல்கிறான், அவன் படித்தவன் என்று என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அக்கா என்னிடம் பேசியதெல்லாம் “சாப்டியா” மட்டும்தான்.

பெரிய மாமா வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டார். விக்கிரவாண்டிக்காரர் ஒருவர் ஞாயிறு மத்தியானம் வருவதாக ஏற்பாடு. அவர் காதில் முனகல் விழக்கூடாது என்றுதான் நான் ஆயில் கேனோடு வந்தேன். உங்கள் ஞாபகமாக வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தேன். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. ஆயில் திரும்பி வருகிற ரப்பர் குழாயைக் கழற்றி, பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் மையாக வந்தது, தீய்ந்த வாடையோடு. மீதி வெளியேற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். வேறு ஆள் இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வண்டியில் ஏறினாள். உங்கள் சீட்டில். சீட்டு நீங்கள் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. முன்னால் இழுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எட்டி எட்டியே திருப்பினாள்.  வேலை முடிந்ததும் இறங்கிக் கை கழுவப் போய்விட்டாள்.

புது ஆயிலை ஊற்றினேன். இன்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்குகிறதா என்று பார்க்க பானெட் பக்கம் வந்து குனிந்தேன். அப்போது கேட்டது. வாயை மூடிக்கொண்டு யாரோ பேசுவது போல ஒரு ஒலி. நீங்கள் முனகல் என்றுதான் சொன்னீர்கள், சத்தம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்தேன். முன் கண்ணாடி வழியாக, ஆள் இல்லாத சீட்டுக்கு முன்னால், ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை மாமா. வளைவு வருவது தெரிந்த ஒருவர் நிதானமாகத் திருப்புகிற மாதிரி. கோடி வரை போய், அங்கேயே நின்றது.

 எனக்குள் உடனே ஒரு பதில் எழுந்து நின்றுவிட்டது. வால்வில் கசடு மாட்டியிருக்கும். ஆயில் ஒரு பக்கமே தள்ளும். சக்கரம் தரையில் படாததால் ஸ்டியரிங் தானாக ஓடும்; ரோட்டில் ஓடும்போதும் கை தளர்ந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். தானாக! அக்கா சொன்னது நடக்கக்கூடியதுதான். அதற்குப் பேய் தேவையில்லை, அவள் கையும் தேவையில்லை. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஜல்தி வா என்று கத்தினேன். அக்கா ஈரக்கையோடு வந்தாள். நீ சொன்னது சரிதான், லெஃப்டில் தானாகத் திரும்புகிறது பார் என்று வால்வு, கசடு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் சீட்டில் ஏறி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொரு வாட்டி போடு.”

ஸ்டியரிங்கை நேராக்கி இன்ஜினைப் போட்டேன். அவள் முகத்துக்கு முன்னால் அது மெதுவாகத் திரும்பிற்று.

“நீ எதுத்தாப்ல நின்னுக்கினு பாத்த. உள்ள வந்து ஒக்காந்து பாருடா. இது ரைட்ல போவுது.”

போய் உட்கார்ந்து பார்த்தேன். வலதுதான். மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் வலது. வலது என்றால் நடுத்தடுப்பு. அதற்கு அப்பால் எதிரே வருகிற லாரிகள். இந்த வண்டியை அதன் போக்கில் விட்டிருந்தால் அக்காவும் இன்று இல்லை.

“அப்ப எப்பிடிக்கா லெஃப்ட்ல போச்சு?” என்றேன். அவளிடம் நான் முதல் முறையாகக் கேட்ட கேள்வி அது என்று பிறகுதான் உறைத்தது.

அவள் அவசரப்படாமல் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை.

“தல சாஞ்சதும் வண்டி மொதல்ல டிவைடர் பக்கமாதான் போச்சு. அவ்ளோதான், முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன். அப்ப டிக்கு டிக்குனு சத்தம். இண்டிகேட்டரு. அது கேட்ட அப்புறம்தான் ஸ்டியரிங் இந்தப் பக்கம் திரும்புச்சு. அவரு கை அதும்மேலதான் கெடந்துச்சு. ஆனா அவரு போயிட்டாருடா. நான் கண்ணப் பாத்தேன்.” ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “இத யாருகிட்டயும் சொல்லல. நீ எங்க சொல்ல வுட்ட?”

 அந்த இண்டிகேட்டரை அணைத்தவனே நான்தான். சேதி கேட்டு ஓடி வந்தவன், உங்களையும் அக்காவையும் ஆம்புலன்ஸ் கொண்டுபோன பிறகு, கிரேன்காரர் வருவதற்குள் வண்டி அருகே போய் நின்றேன். இடது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கையை விட்டு லீவரைத் தட்டினேன். ஏன் எரிகிறது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

உங்கள் வண்டியில் அந்த லீவர் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், கதவோரமாக இருக்கிறது. இடது சீட்டிலிருந்து எட்டுமா? எனக்கு ஊகத்தில் நம்பிக்கை இல்லை. உள்ளேயிருந்து அரிசி மூட்டையைத் தூக்கி வந்து உங்கள் சீட்டில் சாய்த்து, பெல்ட் போட்டேன். அக்கா இடத்தில் உட்கார்ந்து, மூட்டையைத் தாண்டிக் கையை நீட்டினேன். எனக்கே எட்டவில்லை. அக்கா கை இன்னும் குட்டை.

“அத எறக்கு மொதல்ல,” என்றாள் அக்கா. குரல் வேறு மாதிரி இருந்தது.

பெரிய மாமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அன்று நான் சொன்னது தப்பு, ஸ்டியரிங் கை படாமல் திரும்பும், ஆனால் வலதுபுறம்தான் திரும்பும், இடது இண்டிகேட்டரை அக்காவால் போட்டிருக்கவே முடியாது என்றேன். 

“அப்ப யாருதான்டா போட்டது?”

“தெரியல மாமா.”

அந்தச் சொல்லை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விக்கிரவாண்டிக்காரரிடம் குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் பெரிய மாமாவே வந்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளா? வண்டிக்குள் எட்டிப் பார்த்து, அந்த லீவரை விரலால் ஒரு முறை தொட்டுவிட்டு, வண்டியை விற்க வேண்டாம்மா என்று அக்காவிடம் சொன்னார். உள்ளே போய் அவள் கொடுத்த காபியைக் குடித்தார். காரியத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் கை நனைத்தது அன்றுதான்.

எந்த நிமிஷம் வரை நீங்கள் இருந்தீர்கள் மாமா? டாக்டர் சொன்ன நேரம் வரையா, அக்கா கண்ணைப் பார்த்த நேரம் வரையா, டிக்கு டிக்கென்றதே, அதுவரையா? போகிற உயிர் இண்டிகேட்டர் போட்டுவிட்டா போகும்? ஒரு விளக்கம் இருக்கலாம். தேடினால் எனக்குக் கிடைக்கவும் கிடைக்கலாம். தேடப் போவதில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஸ்டியரிங் பெட்டியை மொத்தமாக மாற்றும் வரை அந்தச் சக்கரங்கள் ரோட்டைத் தொடாது. பிறகு அக்காவே வண்டி பழகி, திண்டிவனம் கடைக்குப் போவாள். முதல் வாரம் நான் இடது சீட்டில் வருவேன். கூட்டேரிப்பட்டில் அவள் எதையாவது கேட்டேன் என்று சொன்னால், கண்டேன் என்று சொன்னால், அவள் சொல்லி முடிக்கிற வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா சொன்னதை எட்டு மாதம் கழித்துக் கேட்டுக்கொண்டவன்,
உங்கள் மச்சான்
செந்தில்