வெம்ப்ளி மைதானம் விற்பனைக்கு இல்லை

அன்புள்ள ஹெரால்டுக்கு, மேவிஸ் எழுதுவது. லண்டனில் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் நாட்டு அணி கால்பந்து ஆடும் வெம்ப்ளி மைதானத்தைக் கால்பந்துச் சங்கத்தார் ஒரு பணக்காரருக்கு விற்கப் பார்க்கிறார்கள். நேற்று ஆட்டத்துக்கு முன் ரசிகர்களிடம் கருத்து எழுதி வாங்கினார்கள். மைதான வாசலில் என் கடைக்கு டீ வாங்க வந்த ரசிகன் கிளிஃப், "வித்தா என்னக்கா? அந்தக் காசுல ஊரூருக்கு நல்ல மைதானம் போடலாம். உங்க பேத்தியும் சேத்துல உருள வேண்டாம்" என்றான்.

"சேத்துல ஆடியே நாலு கோல் போட்டவடா கெல்லி. நாளைக்கு நாட்டுக்கு ஆட வர்றப்ப, அடுத்தவன் வீட்டுலயா ஆடணும்?" என்று கேட்டு, சர்க்கரை போடாமலே டீயைக் கொடுத்தேன்.

என் கம்பளிக் காலுறையை அனுப்புங்கள், அறை குளிர்கிறது. கடை திறக்க நேரமாச்சு. அந்தக் கருத்துத் தாளில் விற்கக் கூடாது என்று எழுதி, என் பெயரோடு உங்கள் பெயரையும் நானே போட்டுவிட்டேன். மறுப்பு இருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள்.

உங்கள் மேவிஸ்