சித்தப்பாவின் ஹாட்ஸ்பாட்

ஆவணி 9, திங்கள்.

புராடக்ட் மேனேஜர் வேலைக்கு இன்று வீடியோவில் நேர்காணல். இது பதினேழாவது கம்பெனி. எங்கள் தெருவில் சித்தப்பாவின் போனில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அவருடைய ஹாட்ஸ்பாட்டில்தான் பேசினேன். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய ஆள் யார்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று நேர்காணல் எடுத்த அம்மா கேட்டார்.

யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது என்று காட்ட ஊருக்கு ஆப் ஒன்று செய்தேன். கட்சிக் கிளைச் செயலாளரான சித்தப்பா தன் வயலை முதலில் போடச் சொன்னார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத்தான் முதல் முறை என்று மறுத்துவிட்டேன்.

திரையில் அந்தம்மாவின் முகம் அப்படியே நின்றது.

"என் போன்லயே என்னைப் பத்தி வத்தி வைக்கிறியாடா?" என்றார் சித்தப்பா, ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு.

மாலையில் மெயில் வந்தது. என் உறுதி பிடித்திருக்கிறதாம். நாளை பத்து மணிக்குக் கடைசிச் சுற்று.

மறுபடி போய்ப் போனைக் கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்க தம்பி. முதல் முறை யாருக்கு?"

ஆப்பில் முதல் முறையை இப்போதுதான் சித்தப்பா வயலுக்கு மாற்றினேன். நாளையும் அதே கேள்வி வந்தால் என்ன சொல்வேனோ. நேர்காணல் முடியும் வரைக்கும் கடைமடைக்காரர்கள் யாரும் ஆப்பைத் திறக்காமல் இருந்தால் சரி.