பட்டியலில் கடைசி பஸ்

தீபாவளிக்கு அலமாரியை ஒதுக்கும்போது, சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்பு அட்டை நோட்டு கைக்கு வந்தது. திறந்ததும் உன் தைல வாசனை. ஒரு நாள் பஸ்ஸில் உன் கைப்பைக்குள் பாட்டில் மூடி கழன்று, நோட்டில் பாதி எண்ணெய் குடித்ததே, அதே வாசனை. உன் அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து உன் மகள் இதைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, இது உங்ககிட்டதான் இருக்கணும்னு மம்மி சொன்னாங்க." வாங்கினேன், சேலைக்கு அடியில் தள்ளினேன், பத்து மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திறந்தால் நான் சொன்ன பொய் முகத்தில் அறையும் என்று பயம்.

பயந்தது சரிதான். கடைசிப் பக்கம், கடைசி வரி, கிராஞ்சி பஸ். அதற்கு நேரே நான் போட்ட சிவப்பு டிக். அதன் பக்கத்தில் பென்சிலில், உன் குண்டு எழுத்தில் ஒரே ஒரு சொல்: செல்லாது.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து, "என்ன, தலை சுத்துதா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செத்தும் என்னை விடமாட்டாயா நீ.

அந்தச் சொல் நமக்கு எங்கிருந்து வந்தது என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் முப்பது வருஷம் நின்றோம். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து, எண்ணித் தட்டில் அடுக்கி மேலே அனுப்புகிற வேலை. கத்தரி எட்டு என்று தாளில் இருந்தால் எட்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் டிக். ஏழு மட்டும் பார்த்துவிட்டு எட்டாவது இருக்கும் என்று யாராவது டிக் போட்டால், நீ தட்டையே பிரித்துக் கொட்டுவாய். "செல்லாது. மொதல்லேர்ந்து எண்ணு." புதிதாக வந்தவர்கள் உனக்குப் பயப்பட்டார்கள். நானும்தான், முதல் மூன்று வருஷம்.

ஓய்வு பெற்ற மறு மாதம் நீதான் ஆரம்பித்தாய். தேக்கா சந்தையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். "இத்தன வருஷமா ஒரே பஸ்ல போயி ஒரே பஸ்ல வந்திருக்கேன்டி. இந்த ஊர்ல பொறந்து இந்த ஊரையே பாக்கல" என்றாய். சரி, ஏதோ சுற்றுலாவுக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தாய். சிங்கப்பூரில் ஓடுகிற எல்லா பஸ்ஸையும் எழுதி, கோடு போட்டு, டிக் போடக் கட்டம் கட்டி வைத்திருந்தாய். முந்நூற்றுக்கு மேல்.

சட்டமெல்லாம் உன்னுடையது. முதல் நிறுத்தத்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். சுற்றி வருகிற பஸ் என்றால் ஏறின இடத்துக்கே திரும்பி வர வேண்டும். நாம் ஆரம்பித்த அன்றைய பட்டியல்தான் கணக்கு, பிறகு புதிதாக எத்தனை விட்டாலும் நமக்குச் சம்பந்தமில்லை. போய் முடித்த பஸ்ஸுக்குத் தேக்காவில் உட்கார்ந்து முதல் வாய் தேநீர் உள்ளே போன பிறகுதான் டிக். டிக் போட்டதும் நீ "செல்லும்" என்று சொல்ல வேண்டும். நீ சொல்லாதவரை நான் வடையைத் தொட்டதில்லை.

என் மகன் கேட்டான்: "அம்மா, போன்லயே ரூட் எல்லாம் பாத்துக்கலாம் லா. எதுக்கு இந்த வேல?" என் வீட்டுக்காரர், வேலையற்ற மாமியார் கழுதையைச் சிரைத்த கதை என்றார். அவர் தினமும் மூன்று மணி நேரம் டிவியில் பந்தாட்டம் பார்ப்பவர், அவர் சொல்லலாம்.

செங்காங்கில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குடியிருப்புகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் சின்ன பஸ். ஏசி சுகத்தில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தால் பஸ் ஏறின இடத்திலேயே நிற்கிறது. சுற்றிவிட்டு வந்து நிற்கிறதா, இன்னும் கிளம்பவே இல்லையா என்று தெரியாமல் விழித்தோம். கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு தடவ சுத்திருக்கும், ஒண்ணுக்கு ரெண்டா டிக் போடு" என்றேன். "கண்ணால பாக்காதது செல்லாது" என்று மறுபடியும் உட்காரவைத்துவிட்டாய். மூன்றாவது சுற்றில் ஓட்டுநர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார்.

கேலாங்கில் அதைவிட மோசம். சிவன் கோயில் பக்கம் போகும்போது மேளச் சத்தம் கேட்டது. விசேஷ நாள் போல. "அஞ்சு நிமிஷம் இறங்கிக் கும்பிட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன். நீ என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு இரண்டு கையையும் கூப்பினாய். "ஒனக்கும் சேத்து நான் கும்பிட்டுட்டேன். ஒக்காரு." பின்னால் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி சிரித்தே விட்டாள்.

இவ்வளவு கறாரான நீ, பஸ்ஸில் எதையும் சாப்பிடக்கூடாது என்று ஒட்டியிருக்கும் பலகைக்கு நேர் கீழேயே இஞ்சி மிட்டாயை நாக்குக்கு அடியில் ஒதுக்குவாய். கேட்டால், "இது மருந்து" என்பாய். அந்த ஒரு விஷயத்தில் உன் சட்டம் கொஞ்சம் வளையும்.

நான்கரை வருஷம். பக்கம் பக்கமாகச் சிவப்பு டிக் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் முழுக்க நிறைந்த அன்று நீ அதை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பாய். மருமகள் எடுத்தபோதுகூட உன் முகத்தில் அந்தப் பூரிப்பைப் பார்த்ததில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை. அந்த அடித்தளத்தில் எத்தனை ஆயிரம் டிக் போட்டிருப்போம், எல்லாம் யாருக்காகவோ. இது நமக்காக.

கிராஞ்சியை நீதான் கடைசிக்கு வைத்தாய். எப்போதாவது ஒன்று வருகிற பஸ். ரயில் நிலையத்தில் ஏறினால் பண்ணைகள், நாற்றுத் தோட்டங்கள், தொழிலாளர் விடுதிகள் எல்லாம் சுற்றிவிட்டு அதே ரயில் நிலையத்துக்குத் திரும்பும். அன்று காலை நீ நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாய். பாதி வழியில் உன் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் உதடு வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வேர்வை முத்து முத்தாக. "இறங்கிடலாம்டி" என்றாய். நீ அந்த வார்த்தையைச் சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. ஒரு நாற்றுத் தோட்டத்துக்கு எதிரே இறங்கி, டாக்சிக்குப் போன் போட்டு, அந்த நிறுத்தத்தின் பெஞ்சில் உன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நீ முனகினாய்: "பாதிதான் ஆச்சு. டிக் போட்றாத."

பிறகு நான்கு மாதம்தான். கணையம் என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள்.

வார்டில் நீ தினமும் ஒரே கேள்வி கேட்டாய். "கிராஞ்சி என்னாச்சு?" ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. நோட்டை எடுத்து, உன் கண் முன்னாலேயே டிக் போட்டு, "நேத்து நான் மட்டும் தனியா போயி முடிச்சிட்டேன். எல்லாம் முடிஞ்சுருச்சு, நீ நிம்மதியா இரு" என்றேன். நீ அந்த டிக்கைப் பார்த்தாய். "கடைசி ஸ்டாப்புல என்ன இருந்துச்சு?" என்றாய்.

"ஒண்ணுமில்ல, வெறும் புல்லு."

"அப்டியா" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நம்பிவிட்டாய் என்று நினைத்தேன். மடச்சி நான். அது சுற்றி வருகிற பஸ், கடைசி நிறுத்தம் அதே ரயில் நிலையம்தான், அங்கே புல்லுக்கு எங்கே போவது? முந்நூறு பஸ் ஏறின எனக்கு அது நாக்கில் வரவில்லை. உனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருக்கலாம். நான் வீட்டுக்குப் போன பிறகு, யாரிடமோ பென்சில் வாங்கி, ஒரு சொல்லை எழுதி, நோட்டை என்னிடமே சேர்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

தீபாவளிப் பலகாரம் கூடச் சுடவில்லை. மறுநாளே கிளம்பினேன். ரயில் நிலையத்தில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, இந்த முறை தூங்கமாட்டேன், பேசமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். நாற்றுத் தோட்டம் வந்தது. அந்த நிறுத்தம் வந்தது, அந்த பெஞ்ச் வந்தது. யாரோ அமுக்கிய மணிக்கு பஸ் நின்று கதவு திறந்தது. என் கால் தானாக எழுந்து, கை தானாக கார்டைத் தட்டி, நான் கீழே நின்றேன். பஸ் போய்விட்டது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஊரில் யாரும் இல்லாத மாதிரி அழுதேன். சாலையில் யாரும் இல்லைதான். நீ போன அன்று நான் அழவில்லை, உன் பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த பாக்கியெல்லாம் அங்கே தீர்ந்தது.

அழுது முடித்ததும் பயங்கரக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, என் மேல். ஒரு பஸ்ஸில் முழுசாக உட்கார முடியாதவளா நான்?

போன வியாழக்கிழமை மறுபடியும் போனேன். நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, நாக்குக்கு அடியில் ஒரு இஞ்சி மிட்டாயோடு. ஓட்டுநர் ஜோகூர்த் தமிழர், நாற்பது வயது இருக்கும். அந்த நிறுத்தம் வருவதற்குள் இரண்டு கையாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தது. ஒரு பங்களாதேஷ் தொழிலாளி இறங்கினார். கதவு மூடியது. பெஞ்ச் பின்னால் போனது. நான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குப் புதுசு. நீ பார்க்காததை நான் கண்ணை அகலத் திறந்து பார்த்தேன், உனக்குச் சொல்ல வேண்டுமே. மீன் பண்ணைப் பலகை ஒன்று. வலை போட்ட கீரைப் பாத்திகள். இரண்டு மரத்துக்கு நடுவே நீர்த்தேக்கம் ஒரு துண்டு, வெயிலில் வெள்ளையாக. கட்டடமே இல்லாமல் வானம் தரைவரை இறங்கியிருந்தது. இந்த ஊரில் இவ்வளவு வானம் இருக்கிறது. ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க எறங்க வேண்டிய எடம் போயிருச்சா?"

"இல்ல தம்பி. ஏறுன எடத்துலதான் எறங்கணும்."

"சும்மா சுத்துறீங்களா?"

"சும்மா இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

ரயில் நிலையம் வந்தது. கார்டைத் தட்டினேன். பீப் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்கும்போது அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"முடிச்சிட்டேன் தம்பி."

"எதக்கா?"

"சிங்கப்பூர."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் கையைத் தூக்கிக் கும்பிட்டார். நான் நடைமேடைக்கு ஏறியது எனக்கே தெரியாது. இந்த அறுபத்தைந்து வயது முழங்காலில் வலியே இல்லை. நியூட்டனில் ரயில் மாறும்போது தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன். கல்யாணத்தன்றுகூட இப்படி நெஞ்சு நிமிர்ந்து நடந்ததில்லை. பள்ளியில் நான் ஆறாவதோடு நின்றவள். தையல் வகுப்பைப் பாதியில் விட்டேன், கார் ஓட்டப் பழகியதைப் பாதியில் விட்டேன். வாழ்க்கையில் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை நான் முடித்தது இது ஒன்றுதான். நீ மட்டும் அந்தப் பொய் டிக்கைப் பார்த்துக்கொண்டு பேசாமல் போயிருந்தால், இதுவும் பாதிதான், யாருக்கும் தெரியாத பாதி.

தேக்காவில் நம் மேசை காலியாக இருந்தது. தேநீர்க் கடைக்காரர், "எங்க, ரொம்ப நாளா காணோம்?" என்றார். "வேல இருந்துச்சு" என்றேன். முதல் வாய் குடித்தேன். நோட்டைத் திறந்து, உன் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு டிக் போட்டேன். பழையதை அடிக்கவில்லை, உன் எழுத்தை அழிக்கவும் இல்லை. மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். உன்னைப் போலவே பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே தடவினேன். தைல வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது.

வடை தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. கை அதன் பக்கம் போய் நின்றுவிட்டது. யாரும் இன்னும் சொல்லவில்லையே. பக்கத்து மேசையில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, உன் குரலை எடுத்து, அந்தக் கறாரோடு, சத்தமாகவே நான் சொன்னேன்.

"செல்லும்."

பிறகு வடையைத் தின்றேன்.